மனோதத்துவப் பட்டமும் மாணவர் கடனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களும் யுவதிகளும் மனோதத்துவத்தில் இளங்கலைப் பட்டம் பெறுகிறார்கள். மனித மனத்தின் இயல்பை அறியவேண்டும் என்ற ஆவலும், நொந்தவர்களுக்குத் துணை நிற்கும் ஒரு தொழிலில் தம் வாழ்நாளைச் செலவிடவேண்டும் என்ற உத்தமமான எண்ணமும் அவர்களை அந்தப் படிப்பின்பால் இழுக்கின்றன. ஆயினும் அவர்களில் பலர் பட்டத்தோடு கடனையும் ஏந்திக்கொண்டே கல்லூரி வாசலைக் கடக்கிறார்களாதலால், அந்தப் பட்டம் எவ்வளவு சம்பாத்தியத்தைத் தரும், எவ்வளவு கடனைத் தாங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது அவர்களுக்குப் பெரியவர்கள் செய்யவேண்டிய முதல் உபகாரம் என்பது என் அபிப்பிராயம்.

1965-ஆம் ஆண்டில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, பணமில்லை என்ற ஒரே காரணத்தால் கல்லூரிக் கதவு எவருக்கும் அடைபடக்கூடாது என்ற லட்சியமே அதற்கு ஆதாரமாக இருந்தது. அதன் வழியாக வளர்ந்த அரசாங்கக் கடன் திட்டத்தில், பெற்றோரின் ஆதரவில் இருக்கும் மாணவர் ஒருவர் முதல் ஆண்டில் 5,500 டாலரும், இரண்டாம் ஆண்டில் 6,500 டாலரும், அதன்பின் ஆண்டுக்கு 7,500 டாலரும் கடன் பெறலாம். ஆக, நான்கு ஆண்டுகளில் 27,000 டாலர். எஞ்சினீயரிங் படிப்பவருக்கும் மனோதத்துவம் படிப்பவருக்கும் இந்த வரம்பு ஒன்றே. கடன் கொடுக்கும்போது சர்க்கார் இன்ன பாடம் என்று பார்ப்பதில்லை; சம்பளம் கொடுக்கும் உலகமோ அதைத்தான் முதலில் பார்க்கிறது.

இங்கேதான் பல குடும்பங்கள் கணக்கில் தவறுகின்றன. மனோதத்துவ நிபுணர்களின் சம்பளத்தை ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் தொகை, அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, ஆண்டுக்கு 94,310 டாலர். அதைக் கண்டு மகிழ்ந்து, நாலாண்டுப் படிப்புக்கு எவ்வளவு கடன் பட்டாலும் தகும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு சிகிச்சை செய்வதற்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். உரிமத்துக்குப் பெரும்பாலும் டாக்டர் பட்டமும், மூத்தவர் மேற்பார்வையில் நீண்ட பயிற்சியும், அதற்குமேல் ஒரு பரீட்சையும் வேண்டும். இளங்கலைப் பட்டத்தோடு நின்றவருக்குக் கிடைப்பவை வேறு உத்தியோகங்கள்: சமூக சேவை நிலையங்களில் உதவியாளர் வேலை, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கும் வேலை, கம்பெனிகளில் ஆள்சேர்ப்புப் பிரிவு வேலை ஆகியவை. இவற்றில் எதுவும் இழிவானதன்று. சில மிகவும் புனிதமானவை. எனினும் ஆரம்ப ஆண்டுகளில் இந்தப் பட்டதாரிகளின் வருமானம் பொதுவாக 40,000 டாலரை ஒட்டியே இருக்கிறது. கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங் கற்ற சகமாணவர் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு பெறுகிறார்.

இனி, கடனைத் தவணையாக்கிப் பார்ப்போம். 27,000 டாலரை நூற்றுக்கு ஆறரை வட்டியில் பத்து ஆண்டுகளில் தீர்க்கவேண்டுமானால், மாதத் தவணை சுமார் 307 டாலர். வட்டி மட்டும் ஏறக்குறைய 9,800 டாலர். ஆண்டுக்கு 40,000 டாலர் சம்பாதிப்பவருக்கு வரி பிடிப்பதற்கு முன்பே மாத வருமானம் 3,300 டாலரைச் சற்றே தாண்டுமாதலால், அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சமீபமான தொகை தவணைக்கே போய்விடும். இது கடினம்; ஆனால் தாங்கக்கூடியது. தாங்க முடியாத நிலை, இதற்குமேல் தனியார் பாங்கிக் கடனும், பெற்றோர் தம் பேரில் எழுதிக்கொடுத்த கடனும் சேரும்போதுதான் பிறக்கிறது. மற்றக் கடன்களைப்போல் இவற்றை இன்ஸால்வென்சி மூலம் எளிதில் உதறிவிடவும் அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை.

மாணவர்கள் இவற்றை அறிந்து தேர்ந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே, அமெரிக்கக் கல்வி இலாகா 2013-இல் காலேஜ் ஸ்கோர்கார்டு என்னும் தகவல் ஏட்டை இணையத்தில் வெளியிட்டு, 2019 முதல் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய கடனையும் வருமானத்தையும் அதில் காட்டிவருகிறது. மிகவும் பிரயோஜனமான ஏற்பாடு. ஆனால் அதன் எண்கள் எவரைப் பற்றியவை என்பதை அறிந்தே அதைப் படிக்கவேண்டும். அரசாங்க உதவி பெறாத மாணவர்கள் அதில் இல்லை. கடன் தொகையில் தனியார் கடன் சேராது. கடன்பட்டுப் பட்டம் பெறாமல் பாதியில் நின்றவர்களின் துயரமும் அந்தப் பாடவாரிக் கணக்கில் தெரியாது. மேற்படிப்பில் இருப்பவர்கள் வருமானக் கணக்கில் விலக்கப்படுகிறார்கள். மனோதத்துவப் பட்டதாரிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் பிற்காலத்தில் மேற்பட்டமும் பெறுகிறார்களென்பதால், இந்தப் பாடத்தைப் பொறுத்தமட்டில் இது சிறிய விஷயமன்று. ஏட்டில் முதலில் தென்படும் குறைந்த வருமானம், இந்தப் படிப்பின் முழுப் பலனையும் காட்டுவதாகாது.

அப்படியானால் மேற்படிப்புத்தான் மார்க்கமோ என்றால், அங்கும் நிதானம் வேண்டும். ஆராய்ச்சியை முதன்மையாகக் கொண்ட பிஎச்.டி. வகுப்புகள் பலவற்றில் கட்டணம் தள்ளுபடியாவதோடு உபகாரச் சம்பளமும் கிடைக்கிறது. ஆனால் இடம் கிடைப்பது அரிது. சிகிச்சைப் பயிற்சியையே பிரதானமாகக் கொண்ட சைடி என்னும் பட்டத்துக்குப் பெரும்பாலும் மாணவரே செலவை ஏற்கவேண்டும். ஆலோசகராவதற்கு முதுகலைப் பட்டம் போதும். மனநல ஆலோசகர்களின் சம்பளமோ நிபுணர்களின் சம்பளத்தைவிட மிகக் குறைவு. ஆக, இளங்கலையிலேயே கடனைப் பெருக்கிக்கொண்டவர், பாதிக் கிணறு தாண்டியவராகவே நின்றுவிடும் அபாயம் உண்டு: தாம் விரும்பிய தொழிலுக்கு இன்னும் படிக்கவேண்டும், படிப்பதற்கோ மேலும் கடன்பட வேண்டும்.

ஆதலால் நான் சொல்லக்கூடிய விதி ஒன்றுதான். முதற்பட்டத்துக்கான கடனை, அதுவே தம் கடைசிப் பட்டம் என்று பாவித்து, அந்தப் பட்டம் மட்டும் தரும் வருமானத்தைக்கொண்டே அளக்கவேண்டும். என்றோ நிபுணராகிப் பெறப்போகும் சம்பளத்தைக்கொண்டு அளக்கலாகாது. கடனை இந்த அளவுக்குள் அடக்க வழியில்லாமல் இல்லை. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் அம்மாநில வாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணமாதலால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய 60 யூனிட்டுகளை 2,760 டாலரில் முடித்துக்கொண்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். ஏழை மாணவர்களுக்கு ஆண்டுக்கு 7,395 டாலர் வரை பெல் நிதி என்னும் அரசாங்க உதவித்தொகை கிடைக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அரசாங்கத்திலோ, லாபநோக்கமற்ற சேவை ஸ்தாபனத்திலோ பணிபுரிந்துகொண்டு, வருமானத்துக்கேற்பக் குறைத்த 120 மாதத் தவணைகளை ஒழுங்காகச் செலுத்தியவருக்கு, எஞ்சிய அரசாங்கக் கடனைத் தள்ளுபடி செய்ய 2007-இல் இயற்றிய சட்டமும் இருக்கிறது. மனோதத்துவப் பட்டதாரிகளில் பலர் நாடும் வேலைகள் இத்தகைய ஸ்தாபனங்களிலேயே இருக்கின்றன.

மனத்தின் நோயை அறிந்து தீர்க்க வல்லவர்கள் எந்தச் சமூகத்துக்கும் அவசியமானவர்கள். அந்தப் பணிக்கு மனமுவந்து வருகிற மாணவரை வருமானம் குறைவு என்று சொல்லித் தடுப்பது நியாயமன்று. முதற்படியிலேயே கடனில் சிக்கி அவர் பின்வாங்கும்படி விட்டுவிடுவதும் நியாயமன்று. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிற தாய் தந்தையரும் ஆசிரியர்களுமே, அவருடைய ஆசைக்கு மெய்யான ஆதரவு தருகிறவர்கள்.