கைமாறியவர்கள் – 9: மேனேஜருக்கு மேனேஜர்

ரிசர்வ் கிளாஸ் என்கிற அந்தப் பொல்லாத விதியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ராக்கி கொலவிட்டோ குறுக்கே வந்து நின்றுகொண்டார். கிளீவ்லாண்ட் இண்டியன்ஸ் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜர் ஃபிராங்க் லேன், ரோஜர் மாரிஸைக் கான்சஸ் சிட்டிக்குத் தள்ளிவிட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அதே மாரிஸ் 1961இல் நியூயார்க் சட்டையில் 61 ஹோம் ரன் அடித்தது ஞாபகம் இருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

1960 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. சீசன் தொடங்க இன்னும் இரண்டே நாள். மெம்ஃபிஸில் சிகாகோ வைட் சாக்ஸுடன் ஒரு பயிற்சி ஆட்டம். கொலவிட்டோ அன்று ஏற்கெனவே ஒரு ஹோம் ரன் அடித்தாயிற்று. அடுத்த முறை ஆடி, முதல் பேஸில் நின்றுகொண்டிருக்கிறார். மேனேஜர் ஜோ கார்டன் மைதானத்துக்குள் நடந்து வருகிறார். ஏதோ உத்தி சொல்லத்தான் வருகிறார் என்று யாருக்கும் தோன்றும். வந்தவர் சொன்னது வேறு: கிளீவ்லாண்டுக்காக நீ ஆடியது இதுவே கடைசி, உன்னை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டோம், பதிலுக்கு ஹார்வி குவென் வருகிறார்.

ஆட்டம் முடிகிற வரைகூடப் பொறுக்கவில்லை. பேஸில் நிற்கிற மனிதனிடம் போய், நீ நிற்பது இனி வேறு ஊர்க்காரனாக என்று சொல்கிறார்கள்.

கொலவிட்டோ யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த இத்தாலிய வம்சாவளிப் பையன். 1959இல் 42 ஹோம் ரன் அடித்து, ஹார்மன் கில்லிப்ரூவுடன் சேர்ந்து அமெரிக்கன் லீக்கின் முதலிடத்தில் இருந்தவர். அதே வருடம் ஜூன் 10ஆம் தேதி பால்டிமோரில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன். ஆட வரும்போது மட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் தோள்களை முறுக்குவார். நெஞ்சில் சிலுவைக்குறி போடுவார். பிறகு மட்டையின் முனையைப் பந்து வீசுபவரை நோக்கி நேராக நீட்டுவார். கிளீவ்லாண்டின் சந்துகளில் மட்டை பிடித்த பொடியன்கள் எல்லாரும் இந்த மூன்றையும் வரிசை தவறாமல் செய்துவிட்டுத்தான் பந்தைப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்து வரிசை காலியாகிற வரை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார் என்றும் பெயர்.

குவென் ஒன்றும் லேசான ஆளில்லை. 1959இல் லீக்கின் பேட்டிங் சாம்பியனே அவர்தான். சராசரி .353. கிரிக்கெட் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 353 முறை பத்திரமாக அடித்து பேஸ் சேர்வார் என்று அர்த்தம். ஆனால் அந்த வருடம் முழுக்க அவர் அடித்த ஹோம் ரன் ஒன்பதுதான். கொலவிட்டோவின் சராசரியோ .257. ஹோம் ரன்னில் முதலாவதாக வந்தவரைக் கொடுத்து, சராசரியில் முதலாவதாக வந்தவரை வாங்குகிற பேரம் மேஜர் லீக்கில் வேறெப்போதும் நடந்ததில்லை. லேன் அதைப் பற்றிப் பெருமையாக, ஹாம்பர்கரைக் கொடுத்து ஸ்டேக் வாங்கியிருக்கிறேன் என்றார். அதாவது கொத்துக்கறியைக் கொடுத்து முழுத் துண்டு வாங்கியதாக நினைப்பு. எதிர்த்தரப்பில் டெட்ராய்ட்டின் பில் டிவிட், எனக்கு ஹாம்பர்கர்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 19. சீசனின் முதல் ஆட்டம். யார் போட்ட அட்டவணையோ, கிளீவ்லாண்டுக்கே வந்து இறங்கியது டெட்ராய்ட். அரங்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். கொலவிட்டோ ஆறு முறை ஆடினார். ஆறிலும் ஒன்றும் தேறவில்லை, நான்கு முறை ஸ்ட்ரைக் அவுட். பதினைந்து இன்னிங்ஸ் இழுத்த அந்த ஆட்டத்தை டெட்ராய்ட்தான் 4–2 என்று வென்றது. லேன் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பார்.

இங்கேதான் நான் சறுக்கினேன். அந்த 1960ஆம் வருடத்தின் கணக்கைப் புரட்டும்போது, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. கொலவிட்டோ பேரத்தின் அதே இரண்டு தரகர்கள், லேனும் டிவிட்டும், ஆகஸ்ட் 3ஆம் தேதி தங்கள் மேனேஜர்களையே மாற்றிக்கொண்டார்கள். கிளீவ்லாண்டின் ஜோ கார்டன் டெட்ராய்ட்டுக்கு. டெட்ராய்ட்டின் ஜிம்மி டைக்ஸ் கிளீவ்லாண்டுக்கு. ஈஸ்டர் ஞாயிறன்று பேஸுக்கு நடந்துபோய்ச் சேதி சொன்னாரே, அந்தக் கார்டனேதான்! மூன்றரை மாதத்தில் அவரையும் அதே ஊருக்கு, அதே வழியில் அனுப்பிவிட்டார்கள். அங்கே போய் இறங்கினால், அணியில் கொலவிட்டோ.

சீசன் நடுவே மேனேஜருக்கு மேனேஜர் என்கிற பண்டமாற்று மேஜர் லீக் சரித்திரத்தில் இந்த ஒரே தடவைதான்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். கிளீவ்லாண்டில் கார்டன் இருந்தவரை 49 வெற்றி, 46 தோல்வி. டெட்ராய்ட்டில் டைக்ஸ் இருந்தவரை 44 வெற்றி, 52 தோல்வி. இடம் மாறிய பிறகு? டெட்ராய்ட்டில் கார்டன் 26 வெற்றி, 31 தோல்வி. கிளீவ்லாண்டில் டைக்ஸ் 26 வெற்றி, 32 தோல்வி. கூட்டலில் தப்போ என்று இன்னொரு முறை போட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு ஊரும் இரண்டு மேனேஜரும் புதுச் சட்டையும். ஆளுக்கு அதே 26.

இன்னும் இருக்கிறது. புது மேனேஜர்கள் ஊர் வந்து சேரும்வரை ஒரே ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணியையும் தற்காலிகமாக வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். டெட்ராய்ட்டுக்கு பில்லி ஹிட்ச்காக், கிளீவ்லாண்டுக்கு ஜோ-ஜோ வைட். இரண்டு பேரும் ஜெயித்தார்கள்! அந்த வருடம் இந்த இரண்டு அணிகளிலும் தோல்வியே காணாத மேனேஜர்கள் அந்த ஒரு நாள் ராஜாக்கள்தான். அவர்களையே விட்டிருக்கலாம் என்று நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இது வெறும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கொலவிட்டோ பேரத்தை ஆராய்கிறவர்கள் எல்லாரும் புள்ளிவிவரத்தோடு வருகிறார்கள்: சராசரியா ஹோம் ரன்னா, வயதா சம்பளமா. என் சித்தப்பா ஒருவர் இருந்தார். ரேடியோவைக் கொடுத்து கைக்கடிகாரம் வாங்குவார். ஆறு மாதத்தில் கடிகாரம் போய் சைக்கிள் வரும், சைக்கிள் போய் வேறொரு ரேடியோ வரும். லாபமா நஷ்டமா என்று சித்தி கேட்டால் கோபம் வரும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடிக்கிற அந்த நேரத்துச் சூடுதான் அவருக்கு வேண்டியிருந்தது. லேனுக்கும் அந்த அரிப்புதான் என்பது என் கட்சி. அதற்கு முன்பு செயின்ட் லூயிஸில் இருந்தபோது அவர் ஸ்டான் மியூசியலையே கைமாற்றப் பார்த்தவர். முதலாளி ஆகஸ்ட் புஷ் தடுத்ததால் அந்த ஊர் தப்பியது. கிளீவ்லாண்டில் தடுக்க ஆளில்லை.

கொலவிட்டோவுக்கு ஐந்து நாள் முன்னால், ஏப்ரல் 12ஆம் தேதி, இதே டெட்ராய்ட்டுக்கு நார்ம் கேஷ் என்கிற இளைஞரைக் கொடுத்து ஸ்டீவ் டெமட்டரை வாங்கினார் லேன். டெமட்டர் கிளீவ்லாண்டுக்காக ஆடியது நான்கே ஆட்டம். கேஷ் அடுத்த வருடமே .361 சராசரியும் 41 ஹோம் ரன்னுமாக பேட்டிங் சாம்பியன் ஆனார். கொலவிட்டோ போன மறுநாள், அவருடைய அறைத்தோழரும் உயிர் நண்பருமான பிட்சர் ஹெர்ப் ஸ்கோரையும் சிகாகோவுக்கு அனுப்பியாயிற்று. ஒரே வாரத்தில் மூன்று பேரம்.

குவென் .308 என்று நன்றாகவே ஆடினார். பாவம், அவர் செய்த குற்றம் கொலவிட்டோவாக இல்லாததுதான். அந்த ஸ்டேக்கை டிசம்பரிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தள்ளிவிட்டார்கள். கொலவிட்டோ 1961இல் டெட்ராய்ட்டுக்காக 45 ஹோம் ரன் அடித்தார். கிளீவ்லாண்ட் அரங்குக்கு 1959இல் ஏறக்குறைய 15 லட்சம் பேர் வந்திருந்தார்கள். 1960இல் அது பத்து லட்சத்தைத் தொடவில்லை. அணியும் இரண்டாம் இடத்திலிருந்து நான்காவதுக்கு இறங்கியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மட்டையை நீட்டிக் காட்ட ஆளில்லாத அரங்குக்குப் பொடியன் அப்பாவை எதற்கு இழுத்துக்கொண்டு வரப்போகிறான்? 1954க்குப் பிறகு லீக் பட்டத்தை கிளீவ்லாண்ட் மறுபடி பார்த்தது 1995இல். அதற்கெல்லாம் கொலவிட்டோ சாபம்தான் காரணம் என்று ஒரு கட்சி உண்டு. நான் அதில் உறுப்பினன் இல்லை. சாபத்துக்கு ஒரு ரிஷி வேண்டும். கொலவிட்டோ அந்த ரகமில்லை.

1965இல் அவரைத் திரும்ப வாங்க டாமி ஜான் என்கிற இளம் பிட்சரை கிளீவ்லாண்ட் தாரை வார்த்தது தனிக் கதை. முழங்கை அறுவை சிகிச்சை ஒன்றுக்கே பெயர் கொடுத்தவர் அவர். அது இன்னொரு வாரம்.

பக்கம் மூட வேண்டும் என்று இரண்டாவது போனும் வந்துவிட்டது. ரிசர்வ் கிளாஸ் அடுத்த வாரம், சத்தியமாக. பேஸில் நின்ற கொலவிட்டோ “மாட்டேன்” என்று ஏன் சொல்ல முடியவில்லை என்பது அங்கேதான் இருக்கிறது.

எழுந்திருக்கும் முன் ஒன்று. 1960 சீசன் முடிந்ததும் கார்டன் டெட்ராய்ட்டை விட்டுக் கிளம்பி, கான்சஸ் சிட்டியில் மேனேஜராகச் சேர்ந்தார். ஜனவரியில் அந்த அணிக்குப் புது ஜெனரல் மேனேஜர் வந்து சேர்ந்தார். பெயர் ஃபிராங்க் லேன்.