ஒற்றை ஒளித்துகளும் காலக் கணக்கும்

ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோ வினாடியில் அது கடக்கும் தொலைவோ சுமார் 30 சென்டிமீட்டர்தான். உயிரணுக்களில் நிகழும் பல மாற்றங்கள் இத்தகைய குறுகிய கால அளவில் நடந்து முடிகின்றன. அவற்றை அளக்கும் நம்பகமான வழிகளுள் ஒன்று, ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் முறையாகும்.

ஒளி சிறு துகள்களாகச் செயற்படுகிறது என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1905இல் முன்வைத்தார். ஒளிமின் பெருக்கிக் குழலில் ஒரு துகள் படும்போது ஓர் எலெக்ட்ரான் வெளிப்படலாம். அது படிப்படியாகப் பல லட்சம் மடங்கு பெருகி, எண்ணத்தக்க மின்துடிப்பாகிறது. இவ்வகையில் ஒளிர்வின் தேய்வை அளக்கும் முறையை பொலிஞ்சர், தாமஸ் ஆகிய இருவரும் 1961இல் வெளியிட்டனர்.

முறை எளியது. லேசரின் குறுந்துடிப்பு ஒன்று பொருளின்மீது பாய்ந்தவுடன் மின்னணுக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பொருள் உமிழும் முதல் ஒளித்துகள் குழலை அடைந்ததும் கடிகாரம் நிற்கிறது. ஒரு துகளின் காலத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரு மனிதரின் வயதைக் கொண்டு நாட்டு மக்களின் சராசரி ஆயுளைக் கூற இயலாதது போன்றதே இது. எனினும், லட்சக்கணக்கான அளவீடுகளைத் தொகுத்தால் ஒளிர்வு தேய்ந்து மறையும் போக்கு தெளிவாகும்.

இங்கு அவசரம் ஆகாது. ஒரு துடிப்புக்கு இரண்டு துகள்கள் வந்தால் முதலாவது மட்டுமே கணக்கில் சேரும், பிந்தியது விடுபடும். அதனால் ஒளிர்வுக் காலம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். ஆகவே, நூறு துடிப்புகளுக்குச் சில துகள்களே பதிவாகுமாறு ஒளியின் அளவு குறைக்கப்படுகிறது. வினாடிக்கு ஒரு கோடி துடிப்புகள் தரும் லேசராயின், நூற்றுக்கு ஒன்று பதிவானாலும் வினாடிக்கு ஒரு லட்சம் அளவீடுகள் கிடைக்கும்.

இதன் பயன் பெரிது. உயிரணுக்களில் உள்ள என்ஏடிஎச் என்னும் துணைநொதி, தனித்திருக்கும்போது சுமார் 0.4 நானோ வினாடி ஒளிர்கிறது. புரதத்துடன் இணைந்திருக்கும்போது அதன் ஒளிர்வு பன்மடங்கு நீள்கிறது. ஒளியின் செறிவு பொருளின் அளவைப் பொறுத்து மாறும். ஒளிர்வுக் காலம் பெரும்பாலும் அவ்வாறு மாறுவதில்லை. ஆதலால், உயிரணு ஆற்றலைப் பயன்படுத்தும் விதத்தையும் புற்றுநோய்த் திசுக்களில் அது மாறும் தன்மையையும் ஆராய இம்முறை துணைபுரிகிறது.

2018இல் அமெரிக்கா செலுத்திய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளும் இதே அடிப்படையில் இயங்குவது. வினாடிக்கு 10,000 பச்சை நிற லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் சில துகள்களின் பயண நேரத்தைக் கொண்டு அது பனிப்பரப்பின் உயரத்தைக் கணித்தது.

இந்தியாவில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதலிய ஆய்வுக்கூடங்களில் இம்முறை பயன்பட்டு வந்துள்ளது. கருவியை வாங்குவதுடன் பணி முடிவதில்லை. புறவொளி புகாத ஏற்பாடும், இருளிலும் குழல் தானாகவே எழுப்பும் பொய்த் துடிப்புகளைக் கழிக்கும் கவனமும், தேர்ந்த பயிற்சியும் சேர்ந்தால்தான் எண்ணிக்கை அறிவாக மாறும்.