பழைய ஏர்ஸ்ட்ரீம்: தரையிலிருந்து தொடங்கும் மராமத்து

ஏர்ஸ்ட்ரீம் என்பது காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் அமெரிக்க அலுமினிய கேரவன். எஞ்சின் கிடையாது, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் அடங்கிய, சக்கரம் வைத்த சிறு வீடு. இதன் வடிவம் விமானப் பட்டறையிலிருந்து வந்தது. சார்ல்ஸ் லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயிண்ட் லூயிஸ்’ விமானம் உருவானபோது பட்டறையை மேற்பார்த்தவர் ஹாலி போலஸ். அவர் 1934இல் விமான உடலைப் போலவே ரிவெட் அடித்த அலுமினியத் தகடுகளால் ‘ரோடு சீஃப்’ என்ற கேரவனைச் செய்தார். அதில் ஏறும் கதவு முன்புறம், கொக்கிக்கு மேலே இருந்தது. கதவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து, 1936இல் ‘கிளிப்பர்’ என்ற பெயரில் 1,200 டாலருக்கு விற்றவர் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பையம். இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் முழுவதும் விமானங்களுக்கே போனதால் உற்பத்தி நின்றது. போர் முடிந்தபின் கலிபோர்னியாவிலும், 1952 முதல் ஒஹாயோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டரிலும் வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கின. 1950, 60களில் வந்த அந்த வண்டிகள்தான் இன்று அதிகமாகப் புதுப்பிக்கப்படுகின்றன.

பழைய ஏர்ஸ்ட்ரீம் வாங்குபவரின் கண் முதலில் வெளித்தகட்டுக்குத்தான் போகும். தகடு எவ்வளவு மங்கியிருந்தாலும் அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. அதனால் வண்டி கெட்டியாக இருப்பதுபோலத் தோன்றும். வாங்கியவர்கள் பின்னால் கைக்காசைக் கொட்டிச் சரிசெய்ய நேர்வது பெரும்பாலும் இந்தத் தோற்றத்தை நம்பியதால்தான்.

வண்டியின் அமைப்பு தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது புரியும். அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன்மேல் பிளைவுட் தரை. தரையின் விளிம்பைச் சுற்றிலும் ‘ப’ வடிவ அலுமினியப் பட்டை ஓடுகிறது. தகடுகளாலான மேற்கூட்டின் பாரம் முழுவதும் இந்தப் பட்டையில் இறங்குகிறது. பட்டை, பிளைவுட், இரும்பு மூன்றையும் ஒரே போல்ட் துளைத்துப் பிணைக்கிறது. ஜன்னல் ஓரத்திலோ, டெயில் லைட் துளையிலோ, கூரையின் காற்றுப்போக்கி அருகிலோ கசியும் நீர், உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே ஓசையில்லாமல் இறங்கி இந்தப் பிளைவுட் விளிம்பில் வந்து நிற்கும். அடிவயிற்றிலும் ஒரு தகடு மூடியிருப்பதால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. வெப்பம் தடுக்க வைத்த கண்ணாடி இழைப் பஞ்சு அதை ஆண்டுக்கணக்கில் தேக்கி வைத்திருக்கும். மரம் இற்றுப்போகும், இரும்பு துருவேறும், ஈரத்தில் இரும்பைத் தொடும் அலுமினியமும் அரிபடும்.

அதிகம் பாதிக்கப்படுவது பின்பகுதி. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் பின் பம்பரில் ஏறி நின்று அழுத்த, இன்னொருவர் குனிந்து பார்த்தால் போதும். பம்பரோடு கூடும் சேர்ந்து தாழ்ந்தால் பிணைப்பு நன்றாக இருக்கிறது. பம்பர் மட்டும் இறங்கி, கூட்டுக்கும் அதற்கும் நடுவே வாய் பிளந்தால், போல்ட் பிடிக்க உள்ளே மரமே இல்லை என்று பொருள்.

சேதம் ஒரு மூலையோடு நின்றிருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டலாம். பரவியிருந்தால் கூட்டையே தூக்க வேண்டும். உட்சாமான்களையும் உள்தகடுகளையும் கழற்றி, கூடு கோணாமலிருக்க உள்ளே மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து, போல்ட்டுகளை அறுத்து, சங்கிலிக் கப்பியால் மேலே ஏற்றுவார்கள். பிறகு சட்டத்தின் துருவைச் சுரண்டி, அரித்துப்போன குறுக்குச் சட்டங்களை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்து, துரு தடுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். புதுப் பிளைவுட் வெட்டுவதற்குப் பழைய தரையைவிட நல்ல அளவுமாதிரி வேறில்லை. எவ்வளவு இற்றிருந்தாலும் புதுத் தரை பொருந்தும்வரை அதைத் தூக்கிப் போடக் கூடாது. கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் இதே விதிதான்.

உள்தகடு கழன்றிருக்கும் இந்தக் கட்டத்தில்தான் கசிவுகளையும் பிடிக்க முடியும். வெளியே ஒருவர் குழாயால் நீர் பாய்ச்ச, உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று ஒழுகும் ரிவெட்டுகளைச் சாக்பீஸால் குறித்துக்கொள்வார். ரிவெட் அடிக்கவும் இரண்டு பேர் வேண்டும். வெளியே இருப்பவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் தலையைத் தட்டத் தட்ட, உள்ளே இருப்பவர் ஓர் இரும்புக் கட்டியை வாலில் அழுத்திப் பிடிப்பார். வால் நசுங்கிப் பரந்து தகடுகளை இறுக்கும். உள்தகட்டைக் கழற்றாமல் ஓரிரண்டை மாற்ற ‘ஒலிம்பிக்’ ரிவெட் உண்டு. அதை வெளியிலிருந்தே இழுத்து, நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வெட்டி, தலையைச் சீவிவிட்டால் பழையதோடு கலந்துவிடும். இணைப்புகளை அடைக்கப் பாலியூரித்தேன் பசைதான் ஏற்றது. கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கோனைப் பூசினால் அதன்மேல் பின்னால் எதுவும் ஒட்டாது. சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

1960களின் தொடக்கத்திலிருந்து ஏர்ஸ்ட்ரீமில் வந்த ஆக்சிலில் வில்தகடுகள் இல்லை. இரும்புக் குழாய்க்குள் திணித்த ரப்பர் தண்டுகள் முறுக்கேறி அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பல பத்தாண்டுகளில் ரப்பர் இறுகிவிடும். நிற்கும் வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் கை சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேல்நோக்கி ஏறியிருந்தால் ஆக்சில் தீர்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் ரிவெட்டுகளைத் தளர்த்தும். ரப்பரை மட்டும் மாற்ற வழியில்லை என்பதால் முழு ஆக்சிலையே செய்து வாங்க வேண்டும். சட்டத்தில் பிடிக்கும் தட்டுகளின் இடைவெளி, இருபுறச் சக்கர முகங்களுக்கு நடுவேயுள்ள தூரம், கையின் சாய்கோணம், தாங்க வேண்டிய எடை ஆகியவற்றைச் சரியாக அளந்து கொடுத்தால் ஆக்சில் தயாரிப்பாளர்கள் செய்து தருவார்கள்.

உதிரி பாகம் தேடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேரவன் கம்பெனி கூட்டைக் கட்டியது. பூட்டு, விளக்கு, ஜன்னல், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் வெளியே வாங்கிப் பொருத்தியது. ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட, பாகத்தின் பின்புறம் அச்சாகியிருக்கும் பெயரைத் தேடினால் வேகமாகக் கிடைக்கும். ஜன்னல் சட்டத்தில் ‘ஹேர்’ என்றும், கதவுப் பூட்டிலும் டெயில் லைட்டிலும் ‘பார்க்மன்’ என்றும் இருக்கலாம். அதே பூட்டும் விளக்கும் அந்தக் காலத்தில் வேறு பல கம்பெனி டிரெய்லர்களிலும் இருந்தன. காயலான் கடையில் கிடக்கும் பெயர் தெரியாத வண்டியிலிருந்தும் சரியான பாகம் கிடைப்பது இதனால்தான். வண்டியின் வரிசை எண்ணையும் கையில் வைத்திருப்பது நல்லது. ஒரே ஆண்டில் கலிபோர்னியாவிலும் ஒஹாயோவிலும் செய்த வண்டிகளில் பாகங்கள் சிலசமயம் வேறுபட்டன.

ஜன்னல் ரப்பர் பீடிங்குக்குப் பெயரும் எண்ணும் உதவாது. பழைய பீடிங்கைக் கூரிய பிளேடால் குறுக்கே வெட்டி, அந்த வெட்டுமுகத்தைப் புதிய பீடிங்கின் வெட்டுமுகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். உதட்டின் உயரம் கொஞ்சம் மாறினாலும் மழை உள்ளே வரும். ரிவெட்டும் தகடும் விமான உதிரிக் கடைகளில் கிடைக்கும். உடைந்த கைப்பிடிக்கு எஞ்சிய துண்டை வைத்து அச்செடுத்து வார்க்கலாம். பிளாஸ்டிக் மூடிகளை இப்போது முப்பரிமாண அச்சில் செய்கிறார்கள். எதற்கும் வழியில்லாத பாகங்களும் உண்டு. 1966 முதல் 1968 வரையிலான வண்டிகளில் கார்னிங் கம்பெனியின் வளைந்த மெல்லிய கண்ணாடி இருந்தது. இப்போது அதைப் புதிதாகச் செய்வாரில்லை. பிரித்த வண்டியிலிருந்து கேட்ட விலைக்கு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பாலிகார்பனேட் தகட்டை வளைத்துப் பொருத்த வேண்டும். அந்த ஆண்டுகளின் வண்டியை வாங்க நினைப்பவர் முதலில் ஜன்னல்களை எண்ணிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பழமைக்கு மரியாதை காட்டக் கூடாத இடங்கள் மின்சாரமும் எரிவாயுவும். ‘யூனிவோல்ட்’ என்ற பழைய மின்மாற்றிப் பெட்டி பேட்டரியை அளவுக்கு மீறி ஏற்றிக் கொதிக்க வைக்கும். அதை எடுத்துவிட்டு இக்காலப் பெட்டி வைப்பதே சரி. எரிவாயு ரெகுலேட்டர், ரப்பர் குழாய் இரண்டையும் யோசிக்காமல் மாற்றி, செம்புக் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அடுப்பைச் சுற்றியுள்ள பழைய தடுப்புப் பலகைகளிலும் தரை ஓடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சோதிக்காமல் உடைக்கக் கூடாது.

மெருகு எல்லாவற்றுக்கும் கடைசி. அக்கால வண்டிகளின் தகடு ‘அல்கிளாட்’: உறுதியான அலுமினியக் கலவையின் இருபுறமும் தூய அலுமினியம் மெல்லிய தோலாகப் படிந்தது. கண்ணாடிபோல மின்னுவது இந்தத் தோல்தான். 1960களின் நடுவிலிருந்து இதன்மேல் பாதுகாப்புக்கு நிறமில்லாப் பூச்சும் அடித்தார்கள். அதை ரசாயனத்தால் உரித்தபின்தான் மெருகேற்ற முடியும். முரட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூய தோல் போய்விடும், போனது திரும்பாது. கூட்டை மெருகேற்ற வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

சாலையில் இறக்குமுன் எடை மேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். புதுச் சமையல் மேடையையோ பெரிய தண்ணீர்த் தொட்டியையோ பின்பக்கம் வைத்ததால் இந்தக் கணக்கு குறைந்தால், வேகத்தில் கேரவன் இடவலமாக ஆடி இழுக்கும் காரையும் சேர்த்துத் திருப்பிவிடும். அப்போது கனமான சாமான்களை ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்தி, மறுபடியும் எடை போட வேண்டும்.