ஜேப்பிக்குள் போன நாண்

நீலகிரியின் லவ்டேலில் தேயிலைச் சரிவு ஒன்றில் 100 மீட்டர் நடந்து ஏறுகிறோம். சரிவு 30 பாகை என்றால், செங்குத்தாக நாம் உயர்ந்திருப்பது 50 மீட்டர்தான். மூச்சிரைப்பைக் கேட்டால் நம்பத் தோன்றாது. ஆனாலும் 30 பாகையின் சைன் அரைதான். 1858இல் தொடங்கிய அவ்வூர் லாரன்ஸ் பள்ளியிலும் சரி, சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும் சரி, இந்தச் சைனிடம் திணறாத பிள்ளைகள் குறைவு.

பெயர் ஆங்கிலம் போலத்தான் ஒலிக்கிறது. பிறந்த வீடு இந்தியா.

கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் இதன் கணக்கு இருக்கிறது. வட்டத்தின் ஒரு துண்டு வில். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். நாணுக்கு வடமொழியில் ஜ்யா, அல்லது ஜீவா. கிரேக்கர்கள் முழு நாணை வைத்துக் கணக்கிட்டார்கள். இங்கே பாதி நாண் போதும் என்றார்கள். 60 பாகை வில்லின் நாண், ஆரத்தின் நீளமே இருக்கும். அதில் பாதியை எடுத்தால் 30 பாகைக்கு உரிய அந்த 'அரை' கிடைத்துவிடும்.

8ஆம் நூற்றாண்டில், கலீபா அல் மன்சூர் காலத்தில், இந்திய வானியல் பாக்தாத் போய்ச் சேர்ந்தது. அரபு அறிஞர்கள் ஜீவாவை மொழிபெயர்க்காமல், ஒலியை மட்டும் வாங்கி 'ஜீபா' என்றார்கள். அரபியில் அதற்குப் பொருள் ஏதுமில்லை. உயிர்க்குறிகளை விட்டுவிட்டு எழுதுவது அம்மொழியின் வழக்கம் என்பதால், அதே எழுத்துகளை 'ஜைப்' என்றும் படிக்கலாம். அதற்குப் பொருள் உண்டு: அங்கியின் மார்பு மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள், மடிப்பைக் குறிக்கும் 'சைனஸ்' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். வில்லும் போயிற்று, நாணும் போயிற்று.

அந்த 'ஜைப்' நமக்கு அந்நியமில்லை. பாரசீகம், உருது வழியாக வந்து சட்டை ஜேப்பியாகிவிட்டது; ஜேப்படித் திருடனும் அதன் வாரிசுதான். நீலகிரிக் குளிரில் சிலரைப் படுத்தும் சைனஸ் தொல்லை இருக்கிறதே, முகத்தெலும்புகளின் உட்குழிவுக்கு வைத்த அந்தப் பெயரும் இதே லத்தீன் சொல்தான். கணக்கு வாத்தியாரும் மூக்கு டாக்டரும் ஒரே சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்ப் பாடநூல் வட்டப் பாடத்தில் இன்றும் வில், நாண் என்றே சொல்கிறது. முக்கோணவியலுக்கு வந்ததும் அதுவே சைன் ஆகிவிடுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வில்லை வரைந்து, நாணைப் பாதியாக வெட்டிக் காட்ட இரண்டு நிமிடம் ஆகுமா? அட்டவணையை உருப்போடச் சொல்வதற்கு முன் அதைச் செய்யலாம்.