கணினி வலையமைப்பில் நெரிசலும் சேவைத்தரமும்: பங்கீடு பற்றிய ஒரு நோக்கு

பலருக்குப் பொதுவான வளமொன்று எல்லோருடைய தேவையையும் ஒரே வேளையில் நிறைவேற்றப் போதாதவிடத்து, அதனை எந்நெறியிற் பங்கிடுவது என்ற வினா எழுகின்றது. கணினி வலையமைப்புக்களின் வரலாற்றில் இவ்வினா நெரிசற் கட்டுப்பாடு, சேவைத்தரம் என்னும் இரு தலைப்புக்களின் கீழ் ஆராயப்பட்டு வந்துள்ளது. இவை பொறியியலாளரின் துறைக்குரியன என்று ஏனையோர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஆயின், இத்துறையில் மேற்கொள்ளப்பட்ட முடிவுகள் பல, யாருக்கு முன்னுரிமை, யாருக்குக் காத்திருப்பு என்பன பற்றிய முடிவுகளாகவும் அமைந்துள்ளன. எனவே சமூகவியல் நோக்குடையோரும் இவற்றின் அடிப்படைகளை அறிந்திருத்தல் அவசியமாகின்றது. அவ்வடிப்படைகளை விளக்கி, பொறியியல் எவ்விடத்து முடிவுற்றுச் சமூகத் தெரிவு எவ்விடத்துத் தொடங்குகின்றது என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நெரிசலின் இயல்பு

பழைய தொலைபேசி முறையில், இருவர் உரையாடும்போது அவர்களுக்கிடையிலான பாதை முழுவதும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அவர்கள் மௌனமாயிருக்கும் வேளையிலும் அப்பாதையைப் பிறர் பயன்படுத்த இயலாது. 1960களில் அமெரிக்காவில் போல் பாறனும் பிரித்தானியாவில் டொனால்ட் டேவிசும், ஒருவரையொருவர் அறியாமலே, வேறொரு முறையை வகுத்தனர். இம்முறையிலே செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பொதியும் முகவரி தாங்கிச் செல்லும். பலருடைய பொதிகள் ஒரே இணைப்பை மாறிமாறிப் பயன்படுத்தும். இன்றைய இணையம் இந்த அடிப்படையிலேயே எழுந்ததாகும்.

இம்முறையின் சிக்கனமும் அதன் இடர்ப்பாடும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை. எவருக்கும் எதுவும் ஒதுக்கப்படாமையால் இணைப்பு வீணாவதில்லை. அதே காரணத்தால் எவருக்கும் உத்தரவாதமும் இல்லை. இணைப்புக்கள் கூடுமிடத்திலுள்ள வழிப்படுத்திக் கருவி, தான் அனுப்பக்கூடிய அளவிலும் மிகுதியாக வரும் பொதிகளைத் தன் நினைவகத்தில் வரிசைப்படுத்தி வைக்கும். நினைவகம் நிரம்பியதும் மேலும் வருவனவற்றைக் கைவிட்டுவிடும்.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், தாமதம் சுமைக்கு நேர்விகிதமாக வளர்வதில்லை என்பதாகும். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியின்படி, இணைப்பின் ஆற்றலிற் பாதி பயன்படும்போது, ஒரு பொதி அவ்விடத்தைக் கடக்க எடுக்கும் சராசரி நேரம் வெற்றிணைப்பிற் கடக்கும் நேரத்தின் 2 மடங்காகும். 90 சதவீதம் பயன்படும்போது அது 10 மடங்காகவும், 95 சதவீதத்தில் 20 மடங்காகவும் உயரும். எல்லையை அண்மித்த நிலையில், சிறிதளவு மேலதிகச் சுமையும் பெரும் விளைவை ஏற்படுத்தும்.

நினைவகத்தைப் பெருப்பித்தால் இடர் தீராதா என்று வினவலாம். தீராது என்பதை ஜோன் நேகிள் 1985இல் எடுத்துக்காட்டினார். எல்லையற்ற நினைவகம் இருப்பினும், வந்த ஒழுங்கிலேயே பொதிகள் அனுப்பப்படுமாயின், மிகைச்சுமையின்போது அவை வரிசையிற் காத்திருந்தே தம் ஆயுட்காலத்தைக் கடந்து பயனற்றுப்போகும். நினைவகத்தின் விலை வீழ்ந்த பிற்காலத்தில் இவ்வுண்மை நடைமுறையிலும் உணரப்பட்டது. செக்கனுக்கு 1 மெகாபிற் அனுப்பவல்ல இணைப்பின் முன்னால் 1 மெகாபைற் நினைவகம் நிரம்பி நிற்குமாயின், புதிதாக வரும் பொதி 8 செக்கன்கள் காத்திருத்தல் வேண்டும். 2010இன் பின்னர் ஜிம் கெற்றிஸ் முதலியோர் பரவலாக எடுத்துரைத்த குறைபாடு இதுவே.

2. 1986இன் அனுபவம்

1986 ஒக்டோபரில், கலிபோர்னியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தொடர்பு, செக்கனுக்கு 32,000 பிற் என்ற வேகத்திலிருந்து 40 பிற்களாக வீழ்ந்தது. இவ்விரு நிலையங்களுக்குமிடையே இருந்த தூரம் ஏறத்தாழ 400 யார் மட்டுமே. கம்பிகள் அறுந்திலபோதும், கருவிகள் பழுதடைந்திலபோதும், வேகம் எண்ணூற்றில் ஒரு பங்காயிற்று.

காரணம் பின்வருமாறு. அனுப்பிய பொதிக்குக் குறித்த நேரத்துள் பெறுகை அறிவிப்பு வராவிடின், அப்பொதி தொலைந்தது எனக் கொண்டு அனுப்புநர் கணினி அதனை மீண்டும் அனுப்பும். நெரிசலின்போது முதற்பொதி தொலையாது வரிசையிற் காத்து நின்றாலும் இரண்டாம் பிரதி வந்து சேரும். ஒவ்வொரு கணினியும் இவ்வாறு செய்யவே, இணைப்பு ஓய்வின்றி இயங்கியபோதிலும் அது சுமந்தவற்றுட் பெரும்பாலானவை பழைய பொதிகளின் பிரதிகளாயின. தனித்தனியே நோக்குமிடத்து நியாயமான செயல், கூட்டாக நிகழ்ந்தபோது அனைவருக்கும் அழிவாயிற்று. இத்தகைய நிலைகுலைவு நேரக்கூடும் என்பதை நேகிள் 1984இலேயே எச்சரித்திருந்தார்.

வான் ஜேக்கப்சனும் மைக்கல் கறெல்சும் 1988இல் வெளியிட்ட கட்டுரை இதற்கான தீர்வை முன்வைத்தது. அவர்கள் வலையமைப்பின் நடுவே அதிகாரி எவரையும் நிறுத்தவில்லை. ரீ.சீ.பீ. எனப்படும் நெறிமுறையிலேயே தன்னடக்கத்தைப் புகுத்தினர். அனுப்புநர் சிறிய அளவிலே தொடங்கித் தன் அளவை உயர்த்துவார். முன்னர் இழப்பு நேர்ந்த எல்லையை அணுகியதும் சிறிது சிறிதாகவே கூட்டுவார். மீண்டும் இழப்பு ஏற்படின் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துக்கொள்வார்.

சிறிது சிறிதாகக் கூட்டலும், பாதியாகக் குறைத்தலும் என்னும் இவ்விதி நெரிசலைத் தணிப்பதோடு அமையவில்லை. டா மிங் சியூவும் ராஜ் ஜெயினும் 1989இல் நிறுவியவாறு, அது பங்கீட்டையும் சமப்படுத்துகின்றது. 10 அலகு ஆற்றலுள்ள இணைப்பில் ஒருவர் 8 அலகும் மற்றவர் 2 அலகும் பெறுவதாகக் கொள்வோம். இருவரும் பாதியாகக் குறைத்தால் 4, 1 என்றாகும். பின்னர் இருவரும் சம அளவிற் கூட்டினால் 6.5, 3.5 என நிற்கும். அடுத்த சுற்றில் 5.75, 4.25 என்றாகும். முதலில் 6ஆக இருந்த வேறுபாடு 3ஆகி, பின் 1.5ஆகக் குறைகின்றது. மிகுதியாகப் பெற்றவர் மிகுதியாக விட்டுக்கொடுப்பதே இதன் சூட்சுமம்.

எனினும் இச்சமத்துவத்துக்கு ஓர் எல்லையுண்டு. இவ்விதி இணைப்புக்களைச் சமப்படுத்துகின்றதேயன்றி, மனிதர்களை அன்று. 10 தொடர்புகளை ஒருங்கே திறந்துகொள்பவர், ஒன்றை மட்டும் திறந்தவரைப்போல ஏறத்தாழ 10 மடங்கு பெறுவார். மேலும், இவ்விதியைப் பின்பற்றாத மென்பொருளைத் தண்டிக்கும் ஏற்பாடு எதுவும் இவ்விதிக்குள்ளே இல்லை.

3. சேவைத்தரமும் முன்னுரிமையும்

எல்லாப் பொதிகளின் தேவையும் ஒன்றல்ல. தொலைபேசி உரையாடலில், ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனைக் கடக்கும்போது உரையாடலின் இயல்பு கெடத் தொடங்கும். இடையில் ஒரு பொதி தொலைந்தால் அத்துணைத் தீங்கில்லை. மின்னஞ்சலோ 10 செக்கன்கள் தாமதித்தாலும் குறைவுபடாது. ஆனால் அதில் ஓர் எழுத்தும் தொலைதல் கூடாது. ஆகவே வேறுபட்ட தேவைகளை வேறுபட நடத்துதல் தன்னளவில் அநீதியாகாது.

1981இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறையிலேயே பொதியின் தலைப்பில் முன்னுரிமைக்கென மூன்று பிற்கள் இடம்பெற்றன. அவற்றால் குறிக்கப்பட்ட படிநிலைகளுட் சிலவற்றின் பெயர்கள் அமெரிக்க இராணுவச் செய்திப் பரிமாற்றத்தில் வழங்கியவையே. அவ்வாராய்ச்சிக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் நிதி வழங்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது. 1994இல், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பாதை முழுவதும் இடம் ஒதுக்கும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. ஓட்டம் ஒவ்வொன்றையும் கருவி ஒவ்வொன்றும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தமையால், பேரளவில் அது நடைமுறைக்கு ஒவ்வவில்லை. 1998இல் வந்த திட்டம் பொதிகளைச் சில வகுப்புக்களாகப் பிரித்தல் போதும் என்றது. ஒரே நிருவாகத்தின் கீழுள்ள வலையமைப்புக்குள் இது நன்கு இயங்குகின்றது. எல்லை கடந்தபின், அடுத்த நிறுவனம் அக்குறியீட்டை மதிக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இவ்விடத்து லெனாட் கிளைன்றொக் 1965இல் நிறுவிய காப்பு விதி முக்கியத்துவம் பெறுகின்றது. இணைப்பு ஓய்வின்றி இயங்கும்வரை, வரிசையின் ஒழுங்கை எவ்வாறு மாற்றினும், சுமைக்கேற்ப நிறையிட்ட காத்திருப்பு நேரங்களின் கூட்டுத்தொகை மாறாது என்பதே அவ்விதியின் சாரம். முன்னுரிமை புதிய ஆற்றலைப் படைப்பதில்லை; காத்திருப்பை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுகின்றது. எல்லோரும் முதல் வகுப்பாயின் முதல் வகுப்பு என ஒன்றில்லை.

4. சமூகத் தெரிவு

அங்ஙனமாயின் வகுப்பை வரையறுப்பவர் யார்? தேவையின் அடிப்படையில் வரையறுப்பதும், கொடுப்பனவின் அடிப்படையில் வரையறுப்பதும் கருவியின் உள்ளே ஒரே கட்டளையாகவே தோன்றும். அவற்றின் சமூக விளைவுகள் முற்றிலும் வேறானவை. தேவையை அளவுகோலாகக் கொண்டால், தாமதத்தைப் பொறுக்கக்கூடிய கோப்பு, பொறுக்கமுடியாத குரலுக்கு வழிவிடுகின்றது. பணத்தை அளவுகோலாகக் கொண்டால், வசதியற்றவரின் குரல் வசதியுள்ளவரின் கோப்புக்கு வழிவிட நேரும். அன்றியும், முன்னுரிமை விற்பனைப் பண்டமானால் நெரிசலே அதன் மூலப்பொருளாகின்றது. இணைப்பு விரிவாக உள்ளவிடத்து முன்னிடத்தை விலைகொடுத்து வாங்குவோர் இலர். எனவே பற்றாக்குறையை நீக்குவதிலும் பார்க்க அதனைப் பேணுவதில் விற்பவருக்கு நாட்டம் பிறக்க வாய்ப்புண்டு.

அமெரிக்காவில் இவ்விவாதம் முடிவுறாது தொடர்ந்து வந்துள்ளது. விலைக்கு முன்னுரிமை வழங்குவதை 2015இல் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு தடைசெய்தது. 2017இல் அத்தடையைத் தானே நீக்கியது. 2024இல் மீண்டும் விதித்தது. 2025 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அவ்விதிகளைச் செல்லாதனவாக்கியது. இந்தியாவில், உள்ளடக்கத்துக்கேற்ப வேறுபட்ட கட்டணம் அறவிடுவதை ஒழுங்குமுறை ஆணையம் 2016 பெப்ரவரியில் தடைசெய்தது. 1988இன் தன்னடக்க நெறியை நினைவூட்டும் நிகழ்ச்சியும் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச்சில், ஐரோப்பிய ஆணைக்குழுவின் வேண்டுகோளுக்கிணங்கப் பெரும் காணொளி நிறுவனங்கள் தம் காட்சித் தரத்தைக் குறைத்துக்கொண்டன.

தொகுத்து நோக்குமிடத்து, எவ்வளவு பொதிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைக் கணிதம் கூறுகின்றது. யார் காத்திருக்க வேண்டும் என்பதை அது கூறுவதில்லை. இவ்விரண்டாம் வினா தொழினுட்பத்தின் பெயரால், பொதுமக்களின் பார்வைக்குப் புறம்பாக, கருவிகளின் அமைப்புக்குள்ளேயே விடையிறுக்கப்பட்டு விடுகின்றது. அவ்விடையைப் பொது விவாதத்துக்குக் கொணர்வதற்கு, வரிசை எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பலரும் விளங்கிக்கொள்ளுதல் முதற்படியாகும்.