மெட்டு ஏன் நழுவுகிறது?

மனசுக்குள் ஒரு மெட்டு ஓடுகிறது. கணினியில் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளைத் திறக்கிறோம். எந்த வாத்தியம்? வேகம் எவ்வளவு? மைக் எந்த டிராக்கில்? பதில் தேடி முடிப்பதற்குள் மெட்டு போய்விடுகிறது. எத்தனை நல்ல பாடல்கள் இப்படிப் பிறக்காமலே போயிருக்கும்!

காரணம், நமது செயல்நினைவு மிகக் குறுகியது. அதில் ஒரே நேரத்தில் சுமார் 4 விஷயங்களே தங்கும் என்று 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் எழுதினார். மைக்கும் வேகமும் அந்த இடத்துக்காக மெட்டோடு முட்டி மோதுகின்றன. போதாததற்கு, தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும். 1952-லேயே வில்லியம் ஹிக் இதை அளந்து காட்டினார். நூறு பியானோ ஒலிகள் வரிசைகட்டி நின்றால் கை தயங்கத்தான் செய்யும்.

எனவே, முடிவுகளை முதல் நாளே எடுத்துவைத்துவிட வேண்டும். டிரம், பேஸ், கீபோர்டு, குரல் என்று நாலு டிராக். மைக் இணைப்பு, எதிரொலி எல்லாம் தயார். இதை லைவின் இயல்புநிலை (டிஃபால்ட்) டெம்ப்ளேட்டாகச் சேமித்தால், லைவ் திறக்கும்போதே அது வந்து நிற்கும். எண்பது டிராக் வைத்த டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம். திறப்பதற்கே நேரமாகும், பழைய தயக்கமும் திரும்பிவிடும்.

இன்னொரு அருமையான வசதி, 2018-இல் லைவ் 10-இல் வந்த கேப்சர். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தாமல் கீபோர்டில் வாசித்திருந்தாலும் அந்த ஸ்வரங்களை மீட்டுத் தரும். புதுக் கோப்பென்றால், வாசிப்பிலிருந்தே வேகத்தையும் கணித்துவிடும்.