மேகம் மூடினாலும் வயல் தெரியும்! வானத்தில் இருந்து பயிரை வேவு பார்க்கும் செயற்கை கோள்கள்

தென்னை மரத்துக்கு நோய் பிடித்து இருக்கிறதா, இல்லையா? தோப்புக்காரருக்கு தெரியவில்லை. மரம் ஏறுகிறவருக்கும் தெரியவில்லை. மேலே பறந்த கேமராவுக்கு தெரிந்து விட்டது!

இது நடந்தது 1970-ம் ஆண்டு. இடம், கேரளாவில் உள்ள காயங்குளம்.

அறுவடைக்கு முன்பே நாட்டில் எவ்வளவு நெல் விளையும் என்று கணக்கு போடுகிறார்களே, அதற்கு இன்று செயற்கை கோள் படங்கள் உதவுகின்றன. பயிர் பாழான விவசாயிக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் பணம் என்று முடிவு செய்யவும் அவை வந்து விட்டன. இந்தியாவில் இந்த வேலைக்கு பிள்ளையார் சுழி போட்டது அந்த தென்னந்தோப்புதான்.

ஹெலிகாப்டரில் கேமரா

கேரள தென்னைகளை "வேர் வாடல்" என்ற நோய் பிடித்து ஆட்டியது. இந்த நோய் வந்தால் மரம் உடனே சாகாது. மட்டை துவளும். ஓலை மஞ்சள் அடிக்கும். காய்ப்பு குறைந்து கொண்டே போகும். கண்ணுக்கு தெரிகிற நேரத்தில் நோய் முற்றி போய் இருக்கும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க கிளம்பினார், விஞ்ஞானி பிஷரோட்டி. கொல்லங்கோட்டில் பிறந்தவர். சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். வானிலை நிபுணர். அவருக்கு பக்க பலமாக இருந்தவர், விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய்.

ஹெலிகாப்டரில் இருந்து தோப்புகளை படம் எடுத்தார்கள். கேமராவில் போட்டது சாதாரண பிலிம் அல்ல. அகச்சிவப்பு கதிரை பதிவு செய்யும் பிலிம்.

படத்தை கழுவி பார்த்தால், நோய் பிடித்த மரங்கள் தனி நிறத்தில் தெரிந்தன. கீழே நின்று பார்த்தபோது "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றிய மரங்களும் அதில் மாட்டிக் கொண்டன!

பச்சை இலை, சிவப்பு படம்

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அகச்சிவப்பு கதிர் மனிதன் கண்ணுக்கு தெரியாது. ஆனால் நல்ல ஆரோக்கியமான இலை, தன் மேல் விழும் அந்த கதிரை பெரும்பாலும் திருப்பி அனுப்பி விடும். அதனால் படத்தில் பச்சை இலை பளிச் என்று சிவப்பாக விழும்.

நோயாலோ, தண்ணீர் இல்லாமலோ இலை வாடினால் திரும்பி வரும் கதிர் குறையும். சிவப்பு மங்கும். நாக்கை நீட்ட சொல்லி டாக்டர் பார்க்கிறாரே, அந்த மாதிரி!

கிரவுண்டு கணக்கு

ஹெலிகாப்டர் செய்த வேலையை பிறகு செயற்கை கோள் எடுத்துக் கொண்டது. 1988-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கை கோள், அப்போதைய சோவியத் யூனியனின் பைக்கானூர் தளத்தில் இருந்து ஏவப்பட்டது. 904 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றியது. ஒரே இடத்தை 22 நாளுக்கு ஒரு தடவை படம் பிடித்தது.

அதில் ஒரு வகை கேமரா எடுத்த படத்தில் ஒரு புள்ளி என்பது, தரையில் 72½ மீட்டர் நீளம், 72½ மீட்டர் அகலம். மனைக்கட்டு கணக்கில் சொன்னால் 23 கிரவுண்டுக்கு மேல்! இன்னொரு வகை கேமராவில் ஒரு புள்ளிக்கு சுமார் 6 கிரவுண்டு.

இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கை கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அரை கிரவுண்டு கூட இல்லை. அந்த படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம்.

சென்னைக்காரர்களுக்கும் இந்த படங்கள் புதிது அல்ல. 2019-ம் ஆண்டு கோடையில் குடத்தோடு அலைந்தது நினைவு இருக்கும். அப்போது புழல் ஏரியின் செயற்கை கோள் படங்கள் உலகம் பூராவும் வெளியாயின. முந்தைய ஆண்டு படத்தில் தண்ணீர். 2019 படத்தில் வெறும் மண் தரை!

மேகம் குறுக்கே வந்தால்?

இங்கேதான் ஒரு சிக்கல். தஞ்சை, நாகை, திருவாரூர் பக்கம் சம்பா பயிர் வளரும் காலம், வடகிழக்கு பருவ மழை காலம். வானம் பூராவும் மேகம். கேமராவில் மேகம்தான் விழும், வயல் விழாது.

இதற்கு வந்ததுதான் ரேடார் செயற்கை கோள். அது வெளிச்சத்துக்காக காத்து இருப்பது இல்லை. தானே ரேடியோ அலையை கீழே அனுப்பி, திரும்பி வருவதை பிடிக்கும். அந்த அலை மேகத்தை துளைத்துக் கொண்டு போகும். இரவு, பகல் என்ற பேதமும் கிடையாது.

நாற்று நட தண்ணீர் கட்டிய வயல், கண்ணாடி போல அலையை வேறு பக்கம் தள்ளி விடும். படத்தில் அந்த இடம் கறுப்பு. பயிர் வளர வளர கறுப்பு மாறி வெளிச்சம் கூடும். எந்த வயலில் எப்போது நட்டார்கள், எங்கே நடவே இல்லை, எங்கே வெள்ளம் என்று இதை வைத்து சொல்லி விடலாம்.

இந்தியாவின் ரிசாட்-1 ரேடார் செயற்கை கோள் 2012-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி ஏவப்பட்டது. இந்தியாவும், அமெரிக்காவும் சேர்ந்து செய்த "நிசார்" 2025-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. ஒரே இடத்தை 12 நாளுக்கு ஒரு தடவை பார்க்கும்படி அதை அமைத்து இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு நெல் வயல்களை ரேடார் படத்தில் கணக்கு எடுக்கும் வேலையை, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து கோவை வேளாண்மை பல்கலைக்கழகம் செய்து இருக்கிறது.

பணம் இருக்கும் இடம்

பயிர் இன்சூரன்சில் விளைச்சலை கணக்கிட பழைய வழி, சோதனை அறுவடை. ஊரில் சில வயல்களை தேர்ந்து எடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து, நெல்லை எடை போடுவார்கள். அந்த எடைதான் ஊருக்கே கணக்கு. "எங்க வயலை யாருமே வந்து பார்க்கலையே!" என்று விவசாயிகள் கேட்பது இதனால்தான்.

2023-ம் ஆண்டு காரீப் பருவம் முதல், மத்திய அரசின் பயிர் இன்சூரன்ஸ் திட்டத்தில் நெல்லுக்கும், கோதுமைக்கும் புது முறை வந்தது. விளைச்சல் கணக்கில் குறைந்தது 30 சதவீதம் செயற்கை கோள் போன்ற நவீன முறைகளில் இருந்து வர வேண்டும்.

மீதியை ஏன் விட்டு வைத்தார்கள்? காரணம் இருக்கிறது. கதிர் பூக்கும் சமயத்தில் அடை மழை பிடித்துக் கொண்டால் மணி பிடிக்காது. வயல் பச்சை பசேல் என்று நிற்கும். அறுத்தால் பாதி பதர்! மேலே இருந்து பார்க்கிற செயற்கை கோள் அதை "நல்ல பயிர்" என்றே சொல்லக் கூடும். கையில் எடுத்து தூற்றி பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. செயற்கை கோளுக்கு வயல் தெரியும். அது யார் வயல் என்று தெரியாது. அதை சொல்வது, கிராம நிர்வாக அதிகாரி தரும் அடங்கல்தான்.

பட்டணத்தில் வேலை, ஊரில் ரெண்டு ஏக்கர் என்று இருப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும். பிரீமியம் கட்டும்போதே சர்வே எண்ணும், பயிரின் பெயரும் அடங்கலில் உள்ளபடி இருக்கிறதா என்று சரி பார்த்து விடுவது நல்லது. ஒரு எண் தப்பாக விழுந்தாலும், வானத்தில் இருந்து பார்ப்பது பக்கத்து வயலாகி விடும்!